இலங்கை மலைக்கு வாடகை கார்: ‘ஏறுமா?’ என்று கேட்காதீர்கள், ‘இறங்குமா?’ என்று கேளுங்கள்!

பள்ளி விடுமுறை வந்தால் ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் குடும்பங்களின் பட்டியலில் இப்போது நுவரெலியாவும் எல்லவும் சேர்ந்துவிட்டன. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பு. அங்கேயும் சாலையின் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். பெயர்ப் பலகைகளில் தமிழும் இருக்கிறது. “நம்ம ஊர் மாதிரிதானே, நாமே ஒரு காரை வாடகைக்கு எடுத்து ஓட்டிடலாம்” என்று தோன்றுவது இயல்பு.

ஓட்டலாம். ஆனால், எந்த கார் என்று முடிவு செய்யும்போது பெரும்பாலோர் பார்ப்பது ஒரு நாள் வாடகை எவ்வளவு, ஏசி நன்றாக இருக்குமா, டிக்கியில் பெட்டிகள் கொள்ளுமா என்பதைத்தான். கொஞ்சம் விவரமானவர்கள் ‘மலை ஏறுமா?’ என்று கேட்பார்கள். ஏறாத கார் வழியில் நின்றுபோகும், அவமானம், அவ்வளவுதான். இறங்கும்போது பிரேக் பிடிக்காத கார்தான் உயிருக்கு ஆபத்து. தீவின் மலைப் பகுதிக்குக் கார் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இறக்கத்தை.

சமவெளி ஓட்டுநருக்கு என்ன சிக்கல்?

சென்னையின் மேற்குப் புறநகர் முழுக்கத் தட்டையான நிலம். ஏரிக்கரையைத் தவிர மேடே கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து கோயம்பேட்டுக்குப் போகிறவருக்குத் தெரிந்த பெரிய ஏற்றம் பாடி மேம்பாலம்தான். நெரிசலில் ஊர்ந்து ஓட்டுவதிலும், குறுக்கே பாயும் பைக்கைத் தவிர்ப்பதிலும் நம்மவர்கள் கில்லாடிகள். பத்து கிலோமீட்டர் தொடர்ந்து இறங்கும் சாலையில் காரைக் கட்டுப்படுத்தும் பழக்கம் மட்டும் வாய்க்கவில்லை.

“திருப்பதி மலைக்கே பத்து தடவை ஓட்டிட்டுப் போயிருக்கேன்” என்பார் சிலர். திருமலையில் ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு வேறு பாதை. எதிரே வண்டி வராது. வேகத்தைக் கட்டுப்படுத்த குறைந்தபட்சப் பயண நேரமும் நிர்ணயித்திருக்கிறார்கள். அதிலும் ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் கூடுதல் நேரம். இலங்கையின் மலைச் சாலைகளில் இந்த வசதி இல்லை. ஒரே சாலையில் எதிரே பேருந்து வரும், லாரி வரும், ஆட்டோ வரும். ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம்.

2025 மே 11 அன்று கொத்மலைப் பகுதியில் உள்ள கரண்டியெல்லவில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய சாலையில் சுற்றுலா சென்ற பேருந்து ஒன்று பள்ளத்தில் உருண்டு 15 பேர் உயிரிழந்தனர். இந்த இரண்டும் சுற்றுலாப் பயணிகள் வழக்கமாகப் போகும் பாதைகள்தான்.

எவ்வளவு உயரம், எவ்வளவு இறக்கம்?

கொழும்பு கடல்மட்டத்தில் இருக்கிறது. கண்டி சுமார் 500 மீட்டர். நுவரெலியா 1,868 மீட்டர். எல்ல ஏறக்குறைய 1,000 மீட்டர். கொழும்பிலிருந்து கண்டிக்குச் சுமார் 115 கி.மீ.; அதில் கடுகண்ணாவைக் கணவாயில்தான் முதல் ஏற்றம். கண்டியிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 77 கி.மீ. நம் பெங்களூரு நெடுஞ்சாலைக் கணக்கில் ஒரு மணி நேரம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டரை, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியாவிலிருந்து எல்ல போய், அங்கிருந்து தென்கடற்கரைக்கு இறங்குவதுதான் வழக்கமான சுற்று. எல்லவிலிருந்து வெல்லவாய வரை 27 கி.மீ. அளவுதான். அதற்குள் சுமார் 800 மீட்டர் இறங்கிவிடுகிறோம்.

இந்த 800 மீட்டர் இறக்கம் பிரேக்குக்கு என்ன செய்யும் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் காரை சிக்னலில் முழுமையாக நிறுத்தும்போது பிரேக் கொஞ்சம் சூடாகும். எல்லவிலிருந்து வெல்லவாய வரை பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், அப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை நிறுத்துவதற்குச் சமமான வெப்பம் உருவாகும். சிறு பகுதியைக் காற்றின் தடையும் டயர் உராய்வும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் நான்கு சக்கரங்களின் பிரேக்கிலேயே இறங்குகிறது. ஆறுவதற்கு நேரம் கொடுக்காவிட்டால் பிரேக் பேடு பிடிமானத்தை இழக்கும். பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் இன்னும் மோசம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவிக் குமிழிகளை உண்டாக்கும். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சை மிதிப்பதுபோல உள்ளே போய்விடும்.

இதைத் தடுக்க ஒரே வழி, வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை இன்ஜினிடம் ஒப்படைப்பது. சின்ன கியரில் இறங்கினால் இன்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும். எனவே எந்த கார் என்ற கேள்வியோடு, அதை எந்த கியரில் இறக்குவது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

அதே பெயர், வேறு கார்

இலங்கையில் வாடகைக்குக் கிடைக்கும் கார்களில் கணிசமானவை ஜப்பானிலிருந்து வந்தவை. அதில்தான் நம்மவர்கள் ஏமாறும் இடம் இருக்கிறது. ‘வேகன் ஆர்’ என்று விளம்பரத்தில் பார்த்ததும், நம் தெருவில் நிற்கும் மாருதி வேகன் ஆர் கண்ணுக்கு முன் வரும். நம் வேகன் ஆரில் இருப்பது 1,000 அல்லது 1,200 சிசி இன்ஜின். அங்கே பரவலாக ஓடும் ஜப்பானிய வேகன் ஆரில் இருப்பது 660 சிசி. ‘கெய்’ என்று ஜப்பானில் சொல்லப்படும் சிறிய கார் வகை அது. அந்த வகைக்கு அதிகபட்சத் திறனே 64 குதிரைத்திறன்தான். டர்போ இல்லாத மாடல்களில் அதைவிடக் குறைவு. இருக்கைகளும் நான்குதான். நம் ஊரில் வேகன் ஆரில் ஐந்து பேர் போகிறோமே என்று அங்கே ஐந்து பேர் ஏற முடியாது.

உயரம் கூடக் கூட காற்று மெலிவதால், டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீதத் திறனை இழக்கும். நுவரெலியாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சுமையையும் சேர்த்துப் பாருங்கள். கெய் கார் ஒன்றின் எடை சுமார் 800 கிலோ. நான்கு பெரியவர்கள் 260 கிலோ, ஆளுக்கொரு பெட்டி என்று 80 கிலோ. காரின் எடையில் 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக ஏற்றிவிட்டோம். ஏறும்போது முனகும், இறங்கும்போது அந்த எடை முழுவதையும் சின்ன பிரேக்குகள் தாங்க வேண்டும்.

அப்படியானால் எதை எடுப்பது?

இரண்டு பேர், இரண்டு சிறிய பெட்டிகள் என்றால் 660 சிசி காரே போதும். குறுகிய சாலையில் ஒதுங்குவதற்கும், எல்ல போன்ற சின்ன ஊரில் நிறுத்துவதற்கும் அதுதான் வசதி. அவசரப்படாமல் ஏறினால் போதும்.

மூன்று, நான்கு பேர் என்றால் 1,300 முதல் 1,500 சிசி வரையிலான கார் நல்லது. டொயோட்டா அக்வா, ஆக்ஸியோ போன்றவை அங்கே பரவலாக இருக்கின்றன. அக்வாவில் 1,500 சிசி ஹைபிரிட் இன்ஜின், பெட்ரோலும் மிச்சமாகும். பின்சீட்டில் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்தால் நெருக்கடிதான்.

ஐந்து, ஆறு பேர், கூடவே தாத்தா பாட்டி என்றால் வேன் தேவைப்படும். உள்ளூரில் ‘கேடிஎச்’ என்று சொல்வார்கள்; டொயோட்டா ஹயேஸ் வேனின் ஒரு மாடல். இதை நாமே ஓட்டுவது வேண்டாம். நீளமான வண்டியைக் கொண்டை ஊசி வளைவில் திருப்புவது தனிப் பழக்கம். ஓட்டுநரோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

உயரமான எஸ்யூவிதான் மலைக்குச் சரி என்பது பரவலான நம்பிக்கை. இலங்கையின் முக்கிய மலைச் சாலைகள் தார் போட்டவை. நான்கு சக்கர இழுவை அங்கே தேவைப்படுவதில்லை. தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் விடுதியில் அறை போட்டிருந்தால் மட்டும், கடைசி இரண்டு கிலோமீட்டர் பாதை எப்படி இருக்கும் என்று விடுதிக்கே போன் செய்து கேளுங்கள். அந்தப் பதில்தான் உங்களுக்கு உயரமான கார் தேவையா இல்லையா என்பதைச் சொல்லும்.

கியர் கம்பியில் உள்ள எழுத்துகள்

அங்கே கிடைக்கும் வாடகை கார்களில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக். இங்கே கையால் கியர் போட்டுப் பழகியவர், மலை இறக்கத்தில் தன்னிச்சையாக இரண்டாவது கியருக்கு வருவார். ஆட்டோமேட்டிக் காரில் உட்கார்ந்ததும் அந்தப் பழக்கம் மறந்து, ‘டி’யில் போட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார். இதுதான் மிக ஆபத்தான தவறு.

‘டி’க்குக் கீழே ‘எல்’, ‘எஸ்’, ‘2’, ‘பி’ என்று ஏதாவது ஒன்று இருக்கும். இவை இறக்கத்துக்கானவை. அக்வா, பிரையஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் ‘பி’ இருக்கும். அது நிறுத்தி வைப்பதற்கான ‘பி’ அல்ல. இன்ஜினைக் கொண்டு வேகத்தைக் குறைப்பது. ஹைபிரிட் கார் இறங்கும்போது அந்த ஆற்றலில் பேட்டரியை சார்ஜ் செய்துகொள்ளும். அதனால் வேகம் குறையும். நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால் அந்த உதவி நின்றுவிடும். அப்போது கைகொடுப்பது இந்த ‘பி’தான். சாவியை வாங்கும்போதே, “இறக்கத்துக்கு எதில் போடணும்?” என்று கேட்டு, கண்ணெதிரே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சாவி வாங்கும்முன் பத்து நிமிடம்

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் இருந்த கார்களையே வைத்து ஓட்டினார்கள். எனவே வாடகைக்கு வரும் கார் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய கார் என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. பராமரிப்பைப் பார்க்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். ‘2319’ என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ஐந்தாறு ஆண்டுகளைத் தாண்டிய டயர், பட்டன் இருந்தாலும் மலை மழைக்கு வேண்டாம். வேறு கார் கேளுங்கள். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இந்தியச் சட்டப்படியே அது தேய்ந்த டயர்.

பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிரேக்கை அழுத்தி அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பெடல் மெல்ல உள்ளே இறங்கினால் அந்த கார் வேண்டாம். ஒரு சிறு சுற்று ஓட்டி, பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கிறதா, கிறீச் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். ஹேண்ட் பிரேக், ஸ்டெப்னி, ஜாக்கி, வைப்பர், முன்பக்கப் பனிமூட்ட விளக்கு, உள்கண்ணாடியில் படியும் ஆவியை நீக்கும் வசதி ஆகியவையும் வேண்டும். நுவரெலியாவில் மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்குவது சாதாரணம்.

காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கீறலுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டி வராது.

பாடியில் பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கனரக வாகன பிரேக் தொழிற்சாலை, ஆவடியில் டாங்க் செய்யும் ஆலை என்று நம் பகுதியில் வாகனத் தொழிலில் வேலை பார்க்காத குடும்பம் அபூர்வம். தேய்ந்த பேடு எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால், கிளம்புவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டாலே போதும்.

என்ன ஆவணம் வேண்டும்?

நம் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் காட்டி இலங்கையில் ஓட்ட முடியாது. முதலில் இங்கே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். உங்கள் உரிமம் அம்பத்தூர் (டிஎன் 13), பூந்தமல்லி (டிஎன் 12) என எந்த ஆர்டிஓ அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அங்கே, பரிவாகன் தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். படிவம் 4ஏ, பாஸ்போர்ட், உரிமம், பயண விவரம் தேவைப்படும். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். இணையத்தில் சில டாலருக்கு ‘சர்வதேச லைசென்ஸ்’ என்று விற்கப்படும் அட்டைகள் அரசு ஆவணம் அல்ல. காப்பீட்டு நிறுவனம் ஏற்காது.

அதோடு இலங்கையில் உள்ளூர் அங்கீகாரமும் தேவை. சிலோன் ஆட்டோமொபைல் சங்கத்தின் ஒப்புதல் பெறுவது பழைய வழி. 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே சுற்றுலாப் பயணிகளுக்குத் தற்காலிக உரிமம் வழங்கும் முகப்பு செயல்படுகிறது. அங்கே டிரைவரைச் ‘சாரதி’ என்றும் லைசென்ஸைச் ‘சாரதி அனுமதிப்பத்திரம்’ என்றும் சொல்வார்கள். கட்டணமும் நடைமுறையும் மாறக்கூடியவை என்பதால், காரை முன்பதிவு செய்யும்போதே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களைப் படியுங்கள். காப்பீடு வாடகை வாகனத்துக்கு உரியதா. விபத்து நடந்தால் நம் கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு. டயரும் அடிப்பாகமும் காப்பீட்டில் அடங்குமா. ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. வரம்பு.

முதல் கேள்வி நம் ஊருக்கும் பொருந்தும். இங்கே நாமே ஓட்டும் வாடகை காருக்குக் கறுப்பு பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். தெரிந்தவரின் வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்து மலைக்குப் போய் விபத்தானால் காப்பீடு கைவிரித்துவிடும் அபாயம் உண்டு.

நாமே ஓட்டுவதா, டிரைவரா?

இதுவரை ஒருமுறைகூட இருவழி மலைச் சாலையில் ஓட்டாதவர், முதல்முறையை வெளிநாட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் 200 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே வண்டி வரும் அந்தச் சாலையில் குடும்பத்தோடு ஏறி, சின்ன கியரில் இறங்கிப் பாருங்கள். இறங்கி முடித்ததும் பிரேக்கில் கருகல் வாடை வந்தால், இன்னும் பழக வேண்டும் என்று அர்த்தம்.

அப்போதும் தயக்கம் இருந்தால் டிரைவரோடு எடுப்பதே புத்திசாலித்தனம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் மலையகத் தமிழர்கள் அதிகம் என்பதால் தமிழ் பேசும் டிரைவர் கிடைப்பதும் கடினம் அல்ல. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: டிரைவருக்கும் தூக்கம் தேவை. அதிகாலையில் கட்டுநாயக்கவில் இறங்கி, அன்று இரவே எல்ல போய்ச் சேர வேண்டும் என்று அவரை விரட்டாதீர்கள்.

மழைக்காலமா?

மலையின் மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, மலைப் பகுதிகளில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாலைகளும் ரயில் பாதைகளும் பெயர்ந்தன. அதே புயலின் மிச்சம்தான் டிசம்பர் தொடக்கத்தில் நம் பகுதியையும் நனைத்தது.

எனவே கிளம்பும் நாளில் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று விடுதியிலும் காவல் நிலையத்திலும் கேளுங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்று நகர வேண்டாம். முன்பதிவை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விடுதியையும் காரையும் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான்.

மலையில் மறக்கக் கூடாதவை

* மலை இறக்கத்தைப் பகலில் முடியுங்கள். நான்கு மணிக்கு மேல் தொடங்க வேண்டாம்.
* எந்த கியரில் ஏறுவீர்களோ அதே அளவு சின்ன கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விடவே கூடாது.
* பிரேக்கை விட்டுவிட்டு அழுத்துங்கள்; காலை மேலேயே வைத்திருக்காதீர்கள்.
* கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.
* குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். நம் நாட்டு விதியும் அதுதான்.
* வளைவுக்கு முன் ஹாரன், வளைவில் ஓவர்டேக் இல்லை.
* பிரேக் பிடிக்காவிட்டால் பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுங்கள். வேறு வழியே இல்லையென்றால் மலைப் பக்கம் உரசி நிறுத்துங்கள்; பள்ளத்தின் பக்கம் போகாதீர்கள்.
* ஊருக்குள் 50, வெளியே 70, விரைவுச் சாலையில் 100 கி.மீ. என்பது அங்கே கார்களுக்கான பொது வேக வரம்பு. மலையில் இதில் பாதிகூட அதிகம்.

அவசரத்துக்குக் காவல்துறை 119, ஆம்புலன்ஸ் 1990. இந்தியாவின் நிதியுதவியோடு 2016-ல் தொடங்கிய ‘சுவசெரிய’ என்னும் அந்த ஆம்புலன்ஸ் சேவை இலவசம். இரண்டு எண்களையும் விமானம் ஏறும்முன் போனில் பதிந்துகொள்ளுங்கள். பிறகு வாடகை நிறுவனத்துக்கு போன் போட்டு, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், பிரேக் எப்போது பார்த்தது என்று கேளுங்கள். தயங்காமல் தேதி சொல்கிற இடத்தில் காரை எடுக்கலாம்.